டிஸ்ப்ளே வரவில்லை

கணினி பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இரண்டே சொல்லில் முடிந்துவிடும்: "டிஸ்ப்ளே வரல." பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஹார்ட் டிஸ்க்கின் முனகல் கூடக் கேட்கிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பழைய கணினியில் வேறொரு கிராபிக்ஸ் கார்டைச் செருகிய கையோடு இப்படி ஆனால், "கார்டு போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கார்டு குப்பைக்கோ காயலான் கடைக்கோ போகிறது.

அவற்றில் பல நல்ல கார்டுகள். மதர்போர்டும் நல்ல போர்டுதான். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவே. பூட்டுக்குள் நுழைகிற சாவியெல்லாம் அந்தப் பூட்டைத் திறப்பதில்லை. ஸ்லாட்டுக்குள் நுழைகிற கார்டும் அப்படித்தான். கார்டும் போர்டும் மின்னழுத்தத்தில் உடன்பட வேண்டும், மின்சாரத்தின் அளவில் உடன்பட வேண்டும், பயாஸ் படிக்கும் முறையில், நினைவக முகவரிகளில், கடைசியில் டிரைவரில் உடன்பட வேண்டும். இந்த உடன்பாடு எந்த இடத்தில் முறிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பழுது நீக்கும் வேலை. கீழிருந்து மேலாகப் போனால் அது குருட்டு வேலையாக இருக்காது.

முதல் நொடியில் நடப்பது

மின்சாரம் வந்ததும் செயலி முதலில் படிப்பது மதர்போர்டில் உள்ள பயாஸ் நிரலை. நீங்கள் செருகியிருக்கும் கார்டைப் பற்றி அந்த நிரலுக்கு எதுவும் தெரியாது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இதற்கு எளிய ஏற்பாடு இருந்தது. போர்டில் உள்ள சின்னஞ்சிறு டிப் சுவிட்சுகளைத் தள்ளி, பொருத்தியிருப்பது ஒற்றை நிற எம்டிஏ கார்டா, வண்ண சிஜிஏ கார்டா என்று நாமே சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் வேண்டிய நிரல் பயாஸுக்குள்ளேயே இருந்தது. மூன்றாவதாக ஒரு வகை வந்தால் என்ன செய்வது? தன்னை இயக்கும் நிரலைக் கார்டே ஒரு ரோம் சில்லில் சுமந்து வர வேண்டும், பயாஸ் அதைத் தேடி எடுத்து ஓட்ட வேண்டும் என்பது விடையாக அமைந்தது. 1984-இல் வந்த இஜிஏ கார்டும், பின்னர் வந்த விஜிஏ கார்டுகளும் இந்த வழியில்தான் இயங்கின.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. அப்படித் தேடும் பழக்கம் ஐபிஎம் பிசியின் பயாஸில் 1982 அக்டோபர் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பயாஸ் உள்ள பிசியில் இஜிஏ கார்டைச் செருகினால் அது கச்சிதமாக உட்காரும், மின்சாரமும் பெறும், திரையில் ஒன்றும் வராது. பயாஸ் சில்லை மாற்றினால் அதே கார்டு வேலை செய்யும். பிசி உலகின் தொடக்க காலத்திலேயே இந்த வகைப் பழுது பிறந்துவிட்டது.

தேடும் முறையைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்பது பயனுள்ளது. பழைய பிசியின் நினைவக வரைபடத்தில் 640 கிலோபைட் வரை ரேம். அதற்கு மேல் 768 வரை திரைக்கான நினைவகம். 768-ஆவது கிலோபைட்டில் கிராபிக்ஸ் கார்டின் ரோம் தொடங்கும். பயாஸ் அங்கே போய் 55, ஏஏ என்ற இரண்டு பைட் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். மூன்றாவது பைட், அந்த ரோமின் நீளத்தை 512 பைட் துண்டுகளில் சொல்லும். எல்லா பைட்டுகளையும் கூட்டினால் கடைசி எட்டு பிட்டும் பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் ரோம் கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். எல்லாம் சரியாக இருந்தால் பயாஸ் கட்டுப்பாட்டை அந்த நிரலிடம் ஒப்படைக்கும். அது ஓடிய பிறகே திரையில் எழுத்து வரும். பழைய கணினியை இயக்கியதும், போர்டு நிறுவனத்தின் சின்னம் வருவதற்கு முன்பே கார்டின் பெயரும் அதன் நினைவக அளவும் மேல் ஓரத்தில் ஒரு கணம் தோன்றி மறையும், பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரி வந்துவிட்டால் ஸ்லாட், மின்னழுத்தம், ரோம் மூன்றும் பெரும்பாலும் சரி. அதன் பிறகு வரும் கோளாறை டிரைவரில் தேடலாம்.

அந்த வரி வராதபோது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஏஎம்ஐ பயாஸ் எட்டு முறை பீப் அடித்தாலோ, அவார்டு பயாஸ் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறும் பீப்பும் அடித்தாலோ, "கார்டைக் காணவில்லை, அல்லது இருந்தும் பதில் இல்லை" என்று பொருள். இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். செயலி ஓடுகிறது, பயாஸ் படிக்கப்படுகிறது, குறை கார்டைச் சுற்றியே இருக்கிறது என்று போர்டே சொல்லிவிட்டது. பீப்பே இல்லாமல் மௌனமாக நின்றால் கார்டைச் சந்தேகிப்பதற்கு முன் ரேமையும், செயலியையும், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும். அதற்கும் முன்பாக, கேபினட்டின் ஸ்பீக்கர் ஒயர் போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல கணினிகளில் அது செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட் காலத்துச் சிக்கல்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அது முகவரிச் சண்டைக்கு அருமையான எடுத்துக்காட்டு. டாஸ் காலத்தில் நிரலாளர்கள் ஒரே கணினியில் விஜிஏ கார்டையும் ஒற்றை நிற எம்டிஏ கார்டையும் சேர்த்துப் போட்டு, ஒரு திரையில் நிரலை ஓட்டி மறு திரையில் பிழை தேடுவார்கள். இரண்டுக்கும் முகவரிகள் வேறு, மோதல் வரக்கூடாது. ஆனாலும் சில கணினிகளில் திரை குழம்பியது. காரணம் இது: 16 பிட் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் "நான் 16 பிட் கார்டு" என்று அறிவிக்கும் முறை 128 கிலோபைட் துண்டுகளாகத்தான் இயங்கும். 640 முதல் 768 வரை சரியாக ஒரு துண்டு. எம்டிஏவின் இடம் 704-இல் தொடங்குகிறது, அதே துண்டுக்குள். விஜிஏ கார்டு 16 பிட் என்று கைதூக்கியதும், பக்கத்தில் இருக்கும் 8 பிட் கார்டையும் செயலி 16 பிட்டாகவே படித்துவிடும். விஜிஏ கார்டை ஜம்பர் மூலம் 8 பிட்டுக்கு இறக்கினால் இரண்டு திரையும் வரும். கெட்டுப்போன பொருள் அங்கே எதுவுமே கிடையாது.

ஏஜிபியின் பள்ளங்கள்

கார்டும் போர்டும் ஒத்துப்போகாததால் வந்த இழப்பு மிகக் கடுமையாக இருந்தது ஏஜிபி காலத்தில். இன்றும் பழைய கணினிகளை உயிர்ப்பிக்க விரும்புவோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அதற்கு முன் இருந்த பிசிஐ பாதை 32 பிட் அகலம், 33 மெகாஹெர்ட்ஸ் வேகம். நொடிக்கு 133 மெகாபைட் போகும். அந்த 133-ஐயும் கிராபிக்ஸ், ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் எல்லாமே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முப்பரிமாண விளையாட்டுகளுக்கு அது போதவில்லை. 1996-இல் இன்டெல், கிராபிக்ஸுக்கு மட்டும் தனிப் பாதையாக ஏஜிபி தரத்தை வெளியிட்டது. 1997-இல் 440எல்எக்ஸ் சிப்செட்டுடன் அது சந்தைக்கு வந்தது. 66 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 266 மெகாபைட். கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என்று தரவை அனுப்பினால் 533, இதுதான் 2எக்ஸ். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு 4எக்ஸ், 2002-இல் வந்த மூன்றாம் பதிப்பு 8எக்ஸ், நொடிக்கு 2133 மெகாபைட்.

வேகம் கூடக் கூட மின்னழுத்தம் குறைந்தது. முதல் பதிப்பில் சமிக்ஞை 3.3 வோல்ட், இரண்டாவதில் 1.5, மூன்றாவதில் 0.8. இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. போர்டில் ஓடும் ஒவ்வொரு செப்புக் கோடும் ஒரு சிறிய கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்கிறது. பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாற அதை நிரப்ப வேண்டும், திரும்ப வடிக்க வேண்டும். அதற்கான ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 3.3-இலிருந்து 1.5-க்கு இறங்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஏறி இறங்க வேண்டிய உயரம் குறைவதால் நேரமும் மிச்சம். கூடவே, சில்லுகளின் டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே போயின. அவற்றின் காப்புப் படலம் மெலிந்து, 3.3 வோல்ட்டைத் தாங்க முடியாத நிலைக்கு வந்தது. ஆபத்து தொடங்கியது இங்கேதான்: 1.5 வோல்ட்டுக்காகச் செய்த சிப்செட்டின் கால்களில் ஒரு பழைய கார்டு 3.3 வோல்ட்டைக் காட்டினால் சிப்செட் நிரந்தரமாகப் போய்விடலாம்.

இதைத் தடுக்க வடிவமைப்பாளர்கள் பள்ளம் வைத்தார்கள். 3.3 வோல்ட் கார்டின் தங்க முலாம் பூசிய விளிம்பில், திருகு போடும் உலோகத் தகட்டுக்கு அருகில் ஒரு வெட்டு. 1.5 வோல்ட் கார்டில் தகட்டுக்குத் தொலைவில் வெட்டு. ஸ்லாட்டில் அதற்கேற்ற தடுப்பு. இரண்டையும் தாங்கும் கார்டில் இரண்டு வெட்டுகள். இரண்டையும் தாங்கும் போர்டின் ஸ்லாட்டில் தடுப்பே இருக்காது. அப்படிப்பட்ட போர்டு, கார்டின் ஒரு குறிப்பிட்ட முனை தரையோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இணைப்பு இருந்தால் 1.5, இல்லாவிட்டால் 3.3 என்று தானே முடிவுசெய்யும். அழகான ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைச் சந்தை மதிக்கவில்லை. இரண்டு வெட்டுகளும் போட்டு, உள்ளே 3.3 வோல்ட் மட்டுமே பேசத் தெரிந்த மலிவு விலைக் கார்டுகள் சில வெளிவந்தன. அதே காலத்தில் பென்டியம் 4-க்கான 850, 845 சிப்செட்டுகள் 1.5 வோல்ட்டை மட்டும் ஏற்பவையாக வந்தன. பொய்யான வெட்டு உள்ள கார்டு அந்தப் போர்டில் தடையின்றி நுழைந்தது, போர்டு எரிந்தது. சில போர்டு நிறுவனங்கள் இதற்காகவே ஒரு எச்சரிக்கை விளக்கை வைத்தன. 3.3 வோல்ட் கார்டு உள்ளே இருந்தால் அந்தச் சிவப்பு விளக்கு எரியும், கணினி இயங்க மறுக்கும். அப்படி நிற்கும் போர்டைக் கெட்டுப்போனதாக நினைத்துவிடக் கூடாது. அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஏஜிபி கார்டை வெட்டை மட்டும் நம்பிச் செருகாதீர்கள். சில்லின் பெயரைப் படித்து, அது 4எக்ஸ் ஆதரிக்கும் தலைமுறையா என்று உறுதிசெய்யுங்கள். 2எக்ஸ் வரை மட்டுமே தெரிந்த சில்லை 845 போர்டுக்குப் பக்கத்தில் கூடக் கொண்டுபோக வேண்டாம். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ3, வூடூ5 5500 கார்டுகள் 3.3 வோல்ட் மட்டுமே. அவற்றை ஓட்ட விரும்புவோர் 440பிஎக்ஸ் போன்ற பழைய போர்டைத் தேடிப் போவதே சரி. நுழையாத கார்டின் விளிம்பை அரம் வைத்து அராவுவது பெரிய தவறு. அந்தத் தடுப்பு ஒரு சிப்செட்டின் உயிரைக் காக்க வைத்தது.

மின்னழுத்தம் பொருந்திய பிறகும் ஏஜிபி தொல்லை தரும் இன்னொரு இடம் ஸ்லாட்டின் அமைப்பு. பிசிஐ கார்டைப் போலன்றி, ஏஜிபியின் தொடுமுனைகள் மேல், கீழ் என இரண்டு அடுக்காக அடுக்கப்பட்டவை. கார்டு ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கினாலும் முனைகள் இடம் மாறித் தொடும். கேபினட்டின் திருகை இறுக்கும்போது கார்டின் மறுமுனை மெல்ல எழும்புவது சகஜம். பின்னாளில் வந்த ஸ்லாட்டுகளில் ஒரு கொக்கி இருப்பது இதற்காகத்தான். தொடுமுனைகளை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் எங்கும் உண்டு. மென்மையாகத் தேய்த்தால் பலன் தருகிறது, துகள்களைத் துடைத்துவிட வேண்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு அதைவிட நல்லது, முலாம் தேயாது.

பசியும் துடிப்பும்

சில கார்டுகள் திரையைத் தரும், விளையாட்டைத் தொடங்கியதும் உறைந்துவிடும். இங்கே பெரும்பாலும் குறை மின்சாரத்தில். ஏஜிபி ஸ்லாட்டின் 3.3, 5, 12 வோல்ட் இணைப்புகள் மூன்றும் சேர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 40 வாட். 2002-இல் வந்த ரேடியான் 9700 புரோ கார்டு அது போதாமல் தனி மின் இணைப்பு கேட்டது. 2004 முதல் பரவிய பிசிஐ எக்ஸ்பிரஸின் 16 தட ஸ்லாட் 75 வாட் தரும். ஆறு முனை இணைப்பு இன்னொரு 75, எட்டு முனை இணைப்பு 150.

இங்கே பலரும் எஸ்எம்பிஎஸ் மேல் அச்சிட்ட மொத்த வாட்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பென்டியம் 3 கால எஸ்எம்பிஎஸ் தன் பலத்தின் பெரும் பகுதியை 5, 3.3 வோல்ட் பக்கம் வைத்திருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளோ பெரும்பாலும் 12 வோல்ட்டையே உண்ணும். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது.

துடிப்பு வேகமும் இப்படி மறைந்திருந்து கெடுக்கும். 440பிஎக்ஸ் சிப்செட் 66, 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. அதை 133-க்கு ஓட்டியவர்கள் ஏராளம். ஆனால் அந்தச் சிப்செட்டிடம் ஏஜிபிக்கு முழு வேகம், மூன்றில் இரண்டு பங்கு என்ற இரண்டே வகுத்தல்கள்தான் இருந்தன. 133-இல் மூன்றில் இரண்டு 89 மெகாஹெர்ட்ஸ். 66-இல் ஓட வேண்டிய கார்டு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடியது. சில கார்டுகள் தாங்கின, சில தாங்கவில்லை. தாங்காத கார்டை வேறு கணினியில் போட்டால் அருமையாக ஓடும்.

டிரைவர் பக்கத்திலும் இதுபோன்ற ஏமாற்றும் தோற்றங்கள் உண்டு. ஏஜிபி கார்டு கணினியின் ரேமிலிருந்து ஒரு பகுதியைத் தன் நினைவகம்போலப் பயன்படுத்திக்கொள்ளும். அதற்கு வழிசெய்வது சிப்செட்டின் டிரைவர். விஐஏ சிப்செட் போர்டில் அந்த நிறுவனத்தின் டிரைவர் தொகுப்பை நிறுவாமல் கார்டின் டிரைவரை மட்டும் போட்டால் கார்டு தடுமாறும். சிப்செட் டிரைவர் முதலில், கார்டு டிரைவர் பிறகு: இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழைய கார்டின் டிரைவரை நீக்கிவிட்டே புதிய கார்டைச் செருகுங்கள்.

விண்டோஸ் 98-இல் ரேமை 512 மெகாபைட்டுக்கு மேல் கூட்டினால், போதிய நினைவகம் இல்லை என்ற செய்தி வந்து திகைக்க வைக்கும். அந்த இயங்குதளத்தின் கோப்புத் தேக்கம் ரேமின் அளவைப் பார்த்து முகவரிகளை அள்ளிக்கொள்ளும். ஏஜிபி கார்டுக்கும் அதே பகுதியில் முகவரி வேண்டும். இடம் போதாது. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவுக்கு ஒரு வரம்பு எழுதினால் தீர்ந்துவிடும். கார்டையும் ரேமையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவருக்கு இது ஆயுளுக்கும் பிடிபடாது.

2012-இல் விண்டோஸ் 8 வந்ததையொட்டி, பயாஸுக்கு மாற்றான யுஇஎஃப்ஐ பரவியதும், முதல் நொடியின் கதை மறுபடி நிகழ்ந்தது. 768-ஆவது கிலோபைட்டில் முத்திரை தேடும் பழைய வழக்கம் போய், ஜிஓபி என்ற புதிய வகை நிரல் கார்டின் ரோமில் இருக்க வேண்டும் என்றானது. அது இல்லாத பழைய கார்டை, சிஎஸ்எம் என்ற பழைய முறை அணைக்கப்பட்ட போர்டில் போட்டால் கறுப்புத் திரைதான். போர்டில் உள்ள திரை இணைப்பு வழியாக உள்ளே போய் சிஎஸ்எம்மை இயக்கினால் கார்டு விழித்துக்கொள்ளும். அன்று இஜிஏ கார்டுக்காகப் பயாஸ் சில்லை மாற்றியதும் இதுவும் ஒரே வைத்தியம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உண்மையிலேயே செத்துப்போன கார்டுகளும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த போர்டுகளிலும் கார்டுகளிலும் மின்பகு கெபாசிட்டர்கள் தலை வீங்கி, கசிந்து போவது பரவலாக நடந்தது. கண்ணால் பார்த்தாலே தெரியும். சால்டரிங் பழகியவர் மாற்றிவிடலாம். சில்லுக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையிலான நுண்ணிய சால்டர் புள்ளிகள் விரிசல் விடுவது அடுத்த வகை. 2008-இல் என்விடியா நிறுவனம் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் இத்தகைய குறையை ஒப்புக்கொண்டு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. திரையில் கோடுகளும் கட்டங்களும், டிரைவர் ஏறுவதற்கு முன், பயாஸ் எழுத்திலேயே தெரிந்தால் குறை கார்டின் சில்லிலோ நினைவகத்திலோ இருக்கிறது. அப்படிப்பட்ட கார்டை அடுப்பில் சூடாக்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. சூட்டில் சில நாள் உயிர் வந்தாலும் விரிசல் மறுபடி திறக்கும், சமையலறை அடுப்பில் நச்சுப்புகையும் தங்கும். அதைச் செய்ய வேண்டாம்.

ஒரு கார்டு கெட்டது என்று முடிவுகட்ட ஒரே நேர்மையான சோதனை, அதே காலத்து, அதே மின்னழுத்தத்து இன்னொரு போர்டில் அதைப் போட்டுப் பார்ப்பது. அதோடு, சந்தேகமில்லாத, எளிய பிசிஐ கார்டு ஒன்றும் கையில் இருக்க வேண்டும். திரை வந்தால் போர்டு நலம் என்று அது சொல்லிவிடும், பயாஸுக்குள் போய் ஏஜிபி வேகத்தை 1எக்ஸுக்கோ 2எக்ஸுக்கோ இறக்கவும் வழிசெய்யும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கார்டு வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடமிருந்து ஒரு கார்டு இன்னொருவர் கைக்குப் போகும்போது, எந்தப் போர்டில், எந்த மின்னழுத்தத்தில், எந்த இயங்குதளத்தில் அது கடைசியாக ஓடியது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன்மேல் ஒட்டிக் கொடுங்கள்.